லைப்ரரியில் எங்கே உட்கார்வது? கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ரெஃபரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். முதலாமாண்டில் "மேடம்" என்று கூப்பிடுகிற பிள்ளைகள் மூன்றாமாண்டில் "அக்கா" என்பார்கள். கூப்பிடுவது மாறுமே தவிர கேள்வி மாறாது. புத்தகம் எங்கே என்று கேட்பவர்களைவிட எங்கே உட்காரலாம் என்று கேட்பவர்கள்தான் எனக்கு அதிகம். ஜூலையில் கேட்பார்கள், இன்டர்னலுக்கு முன் கேட்பார்கள், செமஸ்டர் வந்துவிட்டால் தினமும் கேட்பார்கள். வாய் வலித்துப்போய் எழுதிவைத்தேன்.

சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், காட்பாடியில் விஐடி, பாகாயத்தில் சிஎம்சி மருத்துவக் கல்லூரி, டவுனுக்குள் ஊரீசு கல்லூரி என்று வேலூரைச் சுற்றி எங்கே படிக்கிற பிள்ளைக்கும் பயன்படுகிற மாதிரி எழுதப் பார்த்திருக்கிறேன். திறக்கும் நேரமும் விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை அந்தந்த நோட்டீஸ் போர்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, இங்க எந்த எடம் அமைதியா இருக்கும்?"

"இன்னா படிக்கப் போற?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். கணக்குப் போட ஒரு மாதிரி இடம் வேண்டும், லேப்டாப்பில் ரெக்கார்ட் எழுத வேறு மாதிரி, நாளைக் காலைப் பரீட்சைக்கு ஐந்து யூனிட்டைப் புரட்ட இன்னொரு மாதிரி. வேலையைச் சொன்னால் இடத்தைச் சொல்லிவிடலாம். அமைதி என்று மட்டும் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது.

எல்லாச் சத்தமும் படிப்பைக் கெடுப்பதில்லை. ஃபேன் சுற்றுகிற இரைச்சல், ஏசி ஓடுகிற முனகல், சித்தூர் ரோட்டில் போகிற லாரி எல்லாம் பத்து நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும். பக்கத்து மேசையில் இரண்டு பேர் யாருக்கு எத்தனை அரியர் என்று கிசுகிசுத்தால் அது பழகவே பழகாது. சொல் புரிகிறது, புத்தி அதன் பின்னாலேயே போய்விடுகிறது. ஊசி விழுந்தால் கேட்கிற ஹாலும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அங்கே ஒருவர் பாலிதீன் கவரைப் பிரித்தாலே நாற்பது தலை திரும்பும்.

ஆகவே வாசல், ஜெராக்ஸ், தண்ணீர் கேன், என் கவுண்டர் ஆகிய நான்கையும் விட்டுத் தள்ளி, ஃபேனோ ஏசியோ சீராக இரைகிற மூலையாகப் பாருங்கள். என் கவுண்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தில் அதிகம் பேசுகிற ஆள் நான்.

"வாய்விட்டுப் படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும். எங்க ஒக்கார்றது?"

ஹாலுக்குள் வேண்டாம். உதடு மட்டும் அசைகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். எதிரில் இருப்பவருக்கு "ஸ்ஸ், ஸ்ஸ்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மாடிப்படியும் ஆகாது, அங்கே பேசுவது மூன்று மாடிக்கும் கேட்கும். வெளியே வேப்ப மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் காலை ஒன்பதரை வரைக்கும், சாயங்காலம் ஐந்துக்கு மேலும் தாராளமாக வாய்விட்டுப் படிக்கலாம். உள்ளேதான் இருக்க வேண்டுமென்றால் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். சத்தமும் இல்லை, எது ஏறவில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

"ஏசி ஹால் நல்லதா, ஃபேன் ஹால் நல்லதா?"

மே மாதத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் கத்திரி வெயில் நேரத்தில் ஏசி ஹாலை யாரும் விடப்போவதில்லை. மற்ற மாதங்களில் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏசி காற்று நேராகத் தலையில் இறங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடிக்கும், கண் உலரும். உட்காரும் முன் மேலே பாருங்கள். காற்று வருகிற கட்டத்துக்கு நேர் கீழே இல்லாமல் இரண்டு நாற்காலி தள்ளிப் போங்கள். "அக்கா, 18-ல வைங்க" என்று வெயிலில் நடந்து வந்த பிள்ளை கேட்கும். பத்து நிமிடம் கழித்து அதே பிள்ளை துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2020-லிருந்து வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படிதான் தயாராகி வர வேண்டும் என்று மத்திய அரசே விதி போட்டிருக்கிறது. எங்கள் ஹாலிலும் 24தான். குளிர் தாங்காதவர்கள் பையில் ஒரு முழுக்கைச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் ஹாலின் தொந்தரவு வேறு. தாள் பறக்கும், காலை பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வேர்க்கும். ஆனால் டிசம்பர், ஜனவரிக் காலை நேரத்தில் அங்கே கிடைக்கிற சுகம் ஏசியில் கிடைக்காது. கூட்டமும் இருக்காது.

"ஜன்னலோர சீட் கெடைச்சா லக்கிதானே?"

எந்தத் திசை ஜன்னல் என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் கவனிப்பதில்லை.

மேற்கு ஜன்னலில் வருஷம் முழுக்க மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெயில் அடிக்கும். கண்ணாடி சூடாகி, லேப்டாப் திரை தெரியாமல், நாலு மணிக்கு நீங்களே எழுந்து போவீர்கள். கிழக்கு ஜன்னல் காலையில் அப்படி, மத்தியானத்துக்கு மேல் அருமை. வடக்கும் தெற்கும்தான் மாதத்துக்கு மாதம் மாறும். வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேல் வரும், நிழலில்லா நாள் என்பார்கள். அதிலிருந்து ஆகஸ்ட் நடுவில் மறுபடியும் ஒரு நிழலில்லா நாள் வரும்வரை உச்சிச் சூரியன் லேசாக வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்கு ஜன்னல் நல்லது. நவம்பர், டிசம்பரில் சூரியன் நன்றாகத் தெற்கே போய்விடும், வெயில் தெற்கு ஜன்னல் வழியாக மேசை வரைக்கும் வந்து விழும். அந்த செமஸ்டருக்கு வடக்கு ஜன்னல்.

வெளிச்சத்துக்கு ஒரு சின்னச் சோதனை. பேனாவைப் பிடித்து நாலு வரி எழுதுங்கள். கை நிழல் எழுதுகிற இடத்திலேயே விழுந்தால் நாற்காலியைத் திருப்புங்கள். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கமிருந்தும், இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கமிருந்தும் வெளிச்சம் வர வேண்டும். செல்போனில் வெளிச்சம் அளக்கிற ஆப் இருந்தால் மேசையில் 300 முதல் 500 லக்ஸ் காட்டினால் படிக்கப் போதும்.

"பிளக் பாயிண்ட் இருக்கற எடம் எப்பவும் ஃபுல்லா கீது. இன்னா பண்றது?"

விடுதியிலோ வீட்டிலோ ராத்திரியே சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், யாரும் செய்வதில்லை.

சுவரோரமும் தூணோரமும்தான் பிளக் இருக்கும். அந்த நாற்காலிகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வயர் இடறும், "அண்ணா, கொஞ்சம் இதையும் சொருகுங்க" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் ஊன்றிப் படிக்க வேண்டியவர்கள் பிளக்கை மறந்துவிடுவது நல்லது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி நேரம் அங்கே போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்புங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்து நடைபாதையில் இழுக்காதீர்கள். அதில் கால் தடுக்கி விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

"எத்தனை மணிக்கு வந்தா எடம் கெடைக்கும்?"

எங்கள் ஹாலின் நாளைச் சொல்கிறேன், உங்கள் வளாகத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். திறந்த முதல் ஒரு மணி நேரம் காலி. பத்தரைக்கு மேல் ஃப்ரீ ஹவர் கூட்டம் வரும். அவர்களில் பலர் ஏசிக்கு வருகிறவர்கள், முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாடு. அந்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே நல்ல நேரம். சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டோ தாமதமாகச் சாப்பிட முடிவு செய்தோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு வகுப்பு விட்டதும் ஒரு நெரிசல். குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கிளம்பியதும் ஐந்தரைக்குப் பாதி ஹால் காலியாகிவிடும். விடுதிப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வருகிறவரைக்கும் அப்படியே இருக்கும்.

செமஸ்டருக்கு முந்தைய இரண்டு வாரம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள்.

"நாங்க டே ஸ்காலர். அரக்கோணம் போகணும். எங்களுக்கு எப்ப நேரம்?"

உங்களுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான், அதுவும் நெரிசலில். ஆகவே காலையைப் பாருங்கள். முந்தைய வண்டியில் வந்தால் மேலே சொன்ன அந்தக் காலி நேரம் முழுக்க உங்களுடையது. சாயங்காலம் இடம் தேடி பத்து நிமிடம் சுற்றாமல் வாசலுக்குப் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்து அன்றைய நோட்ஸை மட்டும் ஒருமுறை பாருங்கள். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நன்றாகப் படித்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அறிவிப்பு காதில் விழாத அளவுக்குப் படித்து வண்டியை விட்டவளையும் தெரியும்.

"பை வெச்சு எடம் புடிக்கறது தப்பா?"

தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதை எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம். ஆளில்லாத நாற்காலி மட்டும் எங்கள் ரீடிங் ஹாலில் அப்படியே இருக்கிறது. பை இருக்கும், தண்ணீர் பாட்டில் இருக்கும், கால்குலேட்டர் இருக்கும், ஆள் மெஸ்ஸில் இருப்பார்.

பாத்ரூம், தண்ணீர், ஜெராக்ஸ் என்று பதினைந்து இருபது நிமிடம் போவதற்குப் பொருளை வைத்துவிட்டுப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாப்பிடப் போனால் எடுத்துக்கொண்டு போங்கள். வராத நண்பனுக்காக நாற்காலி பிடிப்பதை நான் தப்பு என்றே சொல்வேன். நூலக அறிவியலுக்கு அடித்தளம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழியில் பிறந்தவர், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பை வைத்திருக்கிற நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வருகிற பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

ஆள் வராமல் பை மட்டும் அரைமணி நேரமாக இருந்தால் நீங்களாக எடுத்துத் தரையில் வைக்காதீர்கள். அதிலிருந்து ஏதாவது காணாமல் போனால் பழி உங்கள்மேல் வரும். கவுண்டரில் சொல்லுங்கள், நாங்கள் எடுத்து வைக்கிறோம்.

"நாலு பேரா சேந்து படிக்க எடம் இருக்கா?"

டிஸ்கஷன் ரூம் இருந்தால் அதை முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் கேன்டீன், சாயங்காலம் காலியாகிவிட்ட வகுப்பறை, மரத்தடி. ரீடிங் ஹாலில் நாலு பேர் பேசாமல் சேர்ந்து படிப்போம் என்று சத்தியம் செய்த கோஷ்டி எதுவும் இருபது நிமிடம் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

"எங்க ஒக்காந்தாலும் தூக்கம் வருதுக்கா."

மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்? வெள்ளிக்கிழமை ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டுவிட்டு ஏசிக்கு அடியில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். சாப்பிட்ட கையோடு மேசையில் உட்காராதீர்கள். அந்த நேரத்தில் ஸ்டேக்குக்குள், அதாவது புத்தக அலமாரிகளுக்கு நடுவே, நின்றபடி வேண்டிய புத்தகங்களைத் தேடி எடுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் பாடத்துக்கு ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்குகிற டியூவி எண்வரிசைதான்: அறிவியல் 500, பொறியியலும் மருத்துவமும் 600, இலக்கியம் 800. உங்கள் பாடத்தின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் ஒவ்வொரு முறையும் கணினியில் தேட வேண்டியதில்லை. அரைமணி நேரம் நடந்த பிறகு முதுகு நேராக நிற்கிற மர நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள்.

ராத்திரி இரண்டு மணி வரை போன் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு நாற்காலி மாற்றிப் பயனில்லை. இருபது நிமிடம் மேசையில் தலை வைத்துத் தூங்குங்கள், எழுப்ப மாட்டேன். குறட்டை விட்டால் எழுப்புவேன்.

"சொந்த புக்க உள்ள உடமாட்றாங்க. ஏன்?"

ஸ்டேக் உள்ள ஹாலில் எது நூலகப் புத்தகம், எது உங்களுடையது என்று வெளியே போகும்போது பார்த்துப் பிரிப்பது கஷ்டம். அதனால்தான் பையையும் புத்தகத்தையும் டோக்கன் கவுண்டரில் வைக்கச் சொல்கிறார்கள். நிறைய நூலகங்களில் சொந்தப் புத்தகத்துக்கென்றே தனி ஹால் இருக்கும். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்கூட அதற்குத் தனிப் பகுதி உண்டு, போட்டித் தேர்வுப் பிள்ளைகள் அங்கே குவிந்திருப்பார்கள். உங்கள் வளாகத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் கீழ்த்தளத்தில் யார் கண்ணிலும் படாத மூலையில் இருக்கும்.

"நான் காலேஜ் முடிச்சுட்டேன், குரூப் 4-க்குப் படிக்கறேன். உங்க லைப்ரரில ஒக்காரலாமா?"

பல்கலைக்கழக நூலகங்களில் ஐடி கார்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பழைய மாணவராக இருந்தால் துறைத் தலைவர் கடிதத்தோடு நூலகரைப் பார்த்துக் கேளுங்கள், சில இடங்களில் கிடைக்கும். ஆனால் தினமும் உட்கார்ந்து படிக்க உங்களுக்கு ஏற்றது மாவட்ட மைய நூலகம்தான். அது தயவு கிடையாது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டுக்குச் சொத்து வரி கட்டும்போது அதோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். உங்கள் வீட்டுக் காசில் போட்ட நாற்காலி அது. மேலே ஜன்னலுக்கும் வெளிச்சத்துக்கும் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

"பிஎச்.டி. தீசிஸ் எழுதறேன். தெனமும் ஒரே எடத்துல ஒக்காரணுமா, மாத்தி மாத்தியா?"

இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு ஒன்று, வாசிப்பதற்கு ஒன்று. எழுதுகிற இடத்தில் இன்டர்நெட் மோசமாக இருந்தால் இன்னும் நல்லது. எங்களிடம் வந்த ஸ்காலர்களில் தீசிஸை முடித்துக்கொண்டு போனவர்கள் பலர் பீரியாடிகல்ஸ் செக்‌ஷனின் பழைய பைண்ட் வால்யூம்களுக்கு (ஜர்னல்களைச் சேர்த்துத் தைத்த தடித்த தொகுதிகளுக்கு) நடுவே உட்கார்ந்தவர்கள். அந்தப் பக்கம் இளங்கலைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை.

வாசிப்பதற்காக முன்போல ஜர்னல் ஹாலிலேயே கிடக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நூலகரிடம் லாகின் விவரம் கேளுங்கள். பழைய தீசிஸ் பார்க்க ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது, அதற்கு லாகினும் வேண்டாம். தனியார் வளாகமென்றால் எந்தெந்தச் சந்தா இருக்கிறது என்ற பட்டியல் நூலகத்தில் கிடைக்கும்.

"ராத்திரி லேட்டா படிக்கணும். பொண்ணுங்க எங்க ஒக்கார்றது நல்லது?"

அமைதிக் கேள்விக்குச் சொன்னதை இங்கே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் கடைசி மூலை வேண்டாம். கவுண்டர் கண்ணில் படுகிற மேசை, சிசிடிவி உள்ள பக்கம். விடுதிக்குத் திரும்பும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள், ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து கிளம்புங்கள். ஒரு மூத்த மாணவி வழக்கமாகக் கவுண்டரில் வந்து "நாங்க ஆறு பேர் கெளம்பறோம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். இப்போது அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள், அவளுக்கு அடுத்த செட் பிள்ளைகள் அதையே சொல்கிறார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு ராத்திரி முழுக்க, பெண் பிள்ளைகளுக்கு இத்தனை மணி வரை என்று நேரம் வேறு வேறாக இருக்கிற இடங்கள் உண்டு. அது நியாயமா என்று என்னிடம் கேட்டால் இல்லை. எழுதிக் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது கேட் ரிஜிஸ்டரில் இருக்கும், அந்தக் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால் கேட்கிறவர் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

"பக்கத்துல ஒக்காந்தவரு கால் ஆட்டிக்கினே கீறாரு. சீனியர் வேற. எப்பிடி சொல்றது?"

சொல்ல வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். கால் ஆட்டுகிறவருக்கு ஆட்டுவதே தெரியாது. சொன்னால் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பார், உங்களுக்குக் கூடுதல் எரிச்சல். போனில் பேசுகிறவர் விஷயம் வேறு. துண்டுச் சீட்டில் "அண்ணா, நாளைக்கு எக்ஸாம்" என்று எழுதி நீட்டுங்கள். சண்டையும் வராது, வேலையும் நடக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கவுண்டருக்கு வாருங்கள். திட்டு வாங்கித் தருகிற வேலைக்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

"நீங்களா இருந்தா எங்க ஒக்காருவீங்க அக்கா?"

பீரியாடிகல்ஸ் கடைசி வரிசைக்கு அந்தப் பக்கம், பைண்டிங் ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒற்றை மேசை. கிழக்கு ஜன்னல், அதனால் மத்தியானத்துக்கு மேல்தான். பசை வாசம் வரும், பிளக் கிடையாது, ஃபேன் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். நாலு மணி நெரிசலில்கூட அது காலியாகத்தான் இருக்கிறது.